ஏழாம் கட்டம்

கிலிந்தினித் துறைமுகம், நான்காம் கிடங்கு.
பதினொரு வாரமாய் ஒரு நீளப் பெட்டி
வாடகையை ஏற்றிக்கொண்டு
புழுக்கத்தில் கிடக்கிறது.

படிவத்தில் மற்றதெல்லாம் சரி.
அனுப்பியவர்: கடல் தாண்டி ஓர் அருங்காட்சியகம்.
தோன்றிய நாடு: கென்யா.
சேரும் நாடு: கென்யா.
இரண்டு கட்டத்திலும் ஒரே பெயர் வந்தால்
கணினி சிவப்பாகும். அது தனித் தொல்லை.
ஏழாம் கட்டம்: மதிப்பு, ஷில்லிங்கில்.
அங்கே 'விலை இல்லை' என்று
அழகாகத் தட்டச்சு செய்திருக்கிறார்கள்.
சும்மா கிடைத்தது என்கிறார்களா,
விலைக்கு அடங்காதது என்கிறார்களா?
எதுவானாலும்
பூஜ்யத்தை எங்கள் சட்டம் ஏற்பதில்லை.

வாங்கிப்போக வந்தவர் ஜெஃப்வா.
அறுபது இருக்கும்.
அந்த வெயிலிலும் கோட்டு, தோள் பெரிதாய், யாருடையதோ.
பெட்டியைத் திறக்கச் சொன்னேன், விதி அது.
ஓமோலோ ஆணி பிடுங்கினான்.
குமிழ்த்தாள் உரிய உரிய
ஓர் ஆள் உயரத்துக்கு மரம்.
தட்டை உடம்பு, வட்டத் தலை,
நெஞ்சு முழுக்க முக்கோண வெட்டு.
காலில், மண்ணுக்குள் இருந்திருக்க வேண்டிய இடத்தில்,
துளை போட்டு ஓர் இரும்புக் கம்பி.
முதுகில் வெள்ளை மையில் எண்.

"கிகாங்கோ" என்றார்.
நான் தைத்தா மலைக்காரி, எனக்கு அது புதிது.
இறந்தவருக்கு நடுவதாம்.
நட்டதை எடுக்கக் கூடாதாம்.
ஊரே பெயர்ந்து போனாலும்
அது மட்டும் நின்ற இடத்தில் நின்று
கறையானுக்குப் போக வேண்டுமாம்.
"இது தோயா. என் அப்பா."

பேனாவோடு உட்கார்ந்திருந்தேன்.
அப்பாவை எந்தத் தலைப்பில் சேர்ப்பது?
செதுக்கிய மரம், இருபத்தைந்து விழுக்காடு.
நாற்காலி மேசை என்றாலும் அதே.
"குத்துமதிப்பாய் ஒரு தொகை சொல்லுங்கள்."

"குத்துமதிப்பு எதற்கு,
விலை எனக்குத் தெரியும்.
ஆயிரத்து நூறு.
அன்றைக்கு ஒரு சைக்கிளின் விலை.
கறுப்பு சைக்கிள், பின்னால் கேரியர்,
மணியைக் கடைக்காரன் சும்மா மாட்டிக் கொடுத்தான்.
எனக்குப் பத்தொன்பது வயது.
ராத்திரியில் நான்தான் அசைத்து அசைத்துப் பிடுங்கினேன்,
ஆடாத பல்லைப் பிடுங்குவது போல.
வாங்கியவன் டார்ச் பிடித்தான்.
மூன்றே மாதம்.
சைக்கிளை எவனோ திருடிப் போனான்."

ஓமோலோ ஆணி பொறுக்குவதை நிறுத்தியிருந்தான்.
நான் எழுதினேன்:
1,100.
வரி: 275.
வாடகையை மேலிடத்தில் பேசிக்கொள்ளலாம் என்றேன்.
வியர்வையில் ஒட்டிய தாள்களைப் பிரித்துப் பிரித்து
எண்ணி வைத்தார்.
ஐந்து ஷில்லிங் குறைந்தது. ஓமோலோ போட்டான்.

ரசீதில் எண்ணை மட்டும் விரலால் தொட்டுப் பார்த்தார்.
கம்பியைக் கழற்ற முடியுமா என்று கேட்டார்.
எங்களிடம் அதற்கு ஸ்பேனர் இல்லை.

கடைசித் தாள் ஒரு சான்றிதழ்.
'பூச்சி, புழு, கறையான் அற்றது.
நிரந்தரப் பாதுகாப்பு மருந்து ஏற்றப்பட்டது.'
அவருக்கு ஆங்கிலம் வராது.
நான் படித்துச் சொல்லவில்லை,
முத்திரை குத்தினேன்.

பெருமழை முடிந்து
சின்ன மழைக்குக் காத்திருந்த நாளில் ஒரு போன்.
பின்னால் ஆடு கத்துகிறது.
"வகேஷோ அம்மாவா?
நட்டு ஏழு மாதம் ஆகிறது.
வேலிக்கழியைத் தின்றாயிற்று, கதவின் காலைத் தின்றாயிற்று,
அப்பாவிடம் வந்ததும்
வரிசை வளைந்து சுற்றிப் போகிறது.
ஒன்றுகூட ஏறவில்லை அம்மா.
வரி ஏதும் பாக்கி இருக்கிறதா?"