மீட்டர் பார்க்க வந்தவர்

மின்வாரியத்து வால்டெசிர்
மூன்றாம் முறையாக மீட்டரைத் தட்டுகிறார்.
"ஏப்ரலில் இருநூற்றுப் பத்து யூனிட்.
இப்போது நூற்று முப்பது.
கொக்கி எங்கே போட்டிருக்கிறாய், ஒட்டிலியா?"

கொக்கி இல்லை. ஏணி இருக்கிறது.
ஏறுங்கள்.

ஜூலை. லாஜெஸில் குளிர் முற்றும் மாதம்.
பதினோரு மணிக்கும் சுவர் நிழலில்
உப்புக் கொட்டியதுபோல் உறைபனி.
ஆனால் வெயில், பாருங்கள்,
ஓட்டின் மேல் சும்மா கிடக்கிறது.

சும்மா கிடந்தவை இன்னும் உண்டு.
இருநூற்று நாற்பது பாட்டில்கள்.
அடியை அறுத்து
ஒன்றின் இடுப்பில் இன்னொன்றின் கழுத்தைச் செருகி
குழாய்களில் கோத்தேன்.
உள்ளே கறுப்புப் பூசிய பால் அட்டைகள்:
நான் தரை துடைக்கும் பாலர் பள்ளியில்
குழந்தைகள் குடித்து முடித்த மார்ச், ஏப்ரல், மே.

பாட்டில் பெரும்பாலும் பெந்தெகொஸ்தே சபையார் தந்தது.
பீர் தொடமாட்டார்கள்;
ஒரு கல்யாணத்துக்கு அறுபது குவாரனா சோடா.

மோட்டாரா? இல்லை.
சூடானது தானே மேலேறும், ஆறியது கீழிறங்கும்.
எங்கள் தெருவில் விலைவாசிக்கு அடுத்து
தானாக மேலேறுவது இது ஒன்றுதான்.

மூன்று நாள் மழை பிடித்தால்
வெதுவெதுப்புகூட இராது, பொய் சொல்ல மாட்டேன்.
அன்றைக்குப் பழைய மின்சார ஷவர்தான்:
போட்டதும் சமையலறை பல்பு மங்கும்,
குழாயைத் தொட்டால் எறும்பு கடிக்கும்.
உங்கள் நூற்று முப்பதில் அதுவும் உண்டு, எழுதிக்கொள்ளுங்கள்.

"பச்சையாக ஒன்று இருக்கிறதே, மூலையில்?"

ஆமாம். பச்சை வெயிலை மறைக்கும், வேண்டாம் என்றார்கள்.
இருக்கட்டும் என்று விட்டேன்.
மார்ச்சில் என் மின்சாரத்தைத் துண்டிக்க வந்த அன்று
நீங்கள் குடித்துவிட்டு
வேலியோரம் வீசியது.

அவர் இறங்கினார்.
படிவத்தை எடுத்தார்.
பழுது, பூட்டிய வீடு, திருட்டு:
மூன்றே கட்டம்.
வெயிலுக்குக் கட்டம் இல்லை.
பேனாவும் எழுதவில்லை, மை உறைந்திருந்தது
அல்லது விரல்.

துவைக்கிற தொட்டிக் குழாயைத் திறந்துவிட்டேன்.
நேற்றைய வெயில், இரவெல்லாம் தெர்மாகோலுக்குள் தூங்கியது,
ஆவியோடு வந்தது.
கையுறையைக் கழற்றினார்.
முதலில் ஒரு விரல். பிறகு இரண்டு கைகளும்
மணிக்கட்டு வரை.

ஒன்றும் பேசவில்லை.
கையையும் எடுக்கவில்லை.

கொஞ்ச நேரம் பார்த்தேன்.
இன்னும் இரண்டு பேர் குளிக்க வேண்டும் ஐயா,
என்று மூடினேன்.