கதவில் ஒட்டப்பட்டது

விசாரணைக் குறிப்பு எழுதியது நான்தான்.
காற்றாடிக்குத் தாள் பறக்காமலிருக்க
ஒரு பூட்டை வைத்திருந்தோம்.
எப்போதோ ஜப்தி செய்த கடையொன்றின் பூட்டு,
சாவி கிடையாது.

பூபாலரத்தினம், பிஸ்கால் உத்தியோகத்தர்,
சேவைக்காலம் பத்தொன்பது வருடம்.
குற்றச்சாட்டு மூன்று.
முதலிரண்டையும் வாசிக்கும்போது
கைக்குட்டையை மடித்துக்கொண்டிருந்தார்.

மூன்றாவது, சல்லியில் தங்கேஸ்வரியின் அழைப்பாணை.
‘ஆள் இல்லை. கதவில் ஒட்டினேன்’ என்று
சத்தியக் கூற்றில் இருக்கிறது.
அவள் வரவில்லை, ஒருதலைத் தீர்ப்பு.
தீர்ப்போடு இதே மனிதர் லொறியில் போய்
வள்ளத்து எஞ்சினைக் கழற்றி வந்தார்.
ஏலத்தில் எடுத்தது அவருடைய மைத்துனன்.

“உங்கட வீட்டுக் கதவு என்ன நிறம், அம்மா?”

அவள் கொஞ்சம் யோசித்தாள்.
“கதவு இல்லை ஐயா.
நிலை மட்டும் வச்சது, காசு முடிஞ்சு போச்சு.
ஒரு சீலை தொங்குது.
நிறமெண்டால்... முந்தி மஞ்சள்.”

‘கதவு: மஞ்சள்’ என்று எழுதிவிட்டு
வெட்டினேன்.
யன்னலுக்கு வெளியே, நீதிமன்ற வளவில்
ஒரு மான்
யாரோ எறிந்த தவணைத் துண்டை மென்றுகொண்டிருந்தது.

என்னிடம் யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.
அந்த ஒரு வருடத்தில் முப்பத்தொரு சத்தியக் கூற்றுகள்
என் மேசையால் போயின.
ஒரே மை, ஒரே கோணல் எழுத்து,
கதவில் ஒட்டினேன், கதவில் ஒட்டினேன்.
ஈச்சிலம்பற்றுப் பாதை வெள்ளத்தில் கிடந்த கிழமையிலும்
போய் ஒட்டியிருக்கிறார் மனிதர்.
நான் இலக்கமிட்டேன்.
முத்திரையின் ஈரம் காய
வாயால் ஊதினேன்.

ஆணைக்குழுவின் கடிதம் கார்த்திகையில் வந்தது.
சேவையிலிருந்து நீக்கம், ஓய்வூதியமும் இல்லை.
கொண்டுபோய்க் கொடுக்க ஆளில்லை,
புதுப் பொடியன் லீவு.
“நீங்கள் போற வழிதானே,” என்றார் பதிவாளர்.

பாலையூற்றில் மழை.
பச்சைப் பெயின்ற், தேக்கு, பித்தளைக் கொண்டி.
நல்ல கதவு.
பசைப் போத்தலும் பைக்குள் இருந்தது.
தட்டினேன், அவரே திறந்தார்.

நின்றபடியே வாசித்தார்.
காட்டிய இடத்தில் கையெழுத்து வைத்தார்.
பேனையைத் திருப்பித் தரும்போது,
“நேரம் போடேல்ல நீங்கள்.
நாலு பத்து.”

நாலு பத்து என்று போட்டேன்.

சல்லிக்கும் ஒரு கடிதம் போகவேண்டும்,
எஞ்சின் பற்றி.
அதற்குப் படிவம் இல்லையாம்.
குடையை மடக்கிக்கொண்டு பஸ்ஸில் ஏறினேன்.
விரலில் ஏதோ ஒட்டியது,
போத்தல் மூடி சரியாக இறுகவில்லை.