சதுர மில்லிமீட்டர் கணக்கு

ட்ரியெஸ்தேயில் போரா காற்று வீசும் நாட்களில்
நான் வெளியே போவதில்லை.
நோட்டை எடுத்துக் கணக்கு எழுதுவேன்.

முப்பத்தைந்து மில்லிமீட்டர்: சுருள் பதினான்கு யூரோ, கழுவ ஏழு.
முப்பத்தாறு படம். ஒன்றுக்கு அறுபது சென்ட்கூட ஆகாது.
நடுத்தரச் சுருளில் பன்னிரண்டு சதுரம்,
ஒவ்வொன்றும் ஒன்றரைக்குக் கொஞ்சம் மேலே.
நாலுக்கு ஐந்து அங்குலத் தாள் என்றால்
ஒரே ஒரு தாளுக்கு எட்டு யூரோ எழுபது.
பரப்பில் சின்னதைப்போல் பதின்மூன்று மடங்கு,
விலையில் பதினைந்து.

"மீதி இரண்டு மடங்கு எங்கே போகிறது?" என்றான் லிவியோ.
மூச்சை அடக்குவதற்கு என்றேன்.

துறைமுகத்தில் காப்பி மூட்டை எண்ணும் ஸ்தோயன்
தொப்பியைக் கழற்றாமலே உள்ளே வந்தார்.
"நீவெஸ், என் கல்லறைக்கு ஒரு படம் வேண்டும்.
உடம்புக்கு ஒன்றுமில்லை.
கல் மலிவாகக் கிடைத்தது, வாங்கிவிட்டேன்.
நீள்வட்டம் மட்டும் காலி."

ஒன்பதுக்குப் பன்னிரண்டு சென்டிமீட்டர்.
பெரிய தாளின் அதே அளவு!
பெருக்கவே வேண்டாம், அப்படியே பதிக்கலாம்.
ஆசை யாரை விட்டது.

முதல் தாள்: காற்று ஜன்னலை அறைந்தது,
துருத்தி நடுங்கியது,
ஸ்தோயனுக்கு இரண்டு மூக்கு.
இரண்டாவது: அரை நொடி
அவரும் நானும் சேர்ந்து செத்திருந்தோம்.
லென்ஸ் வைத்துப் பார்த்தால்
சவரக்கத்தி தவறவிட்ட நாலு மயிர்,
காலரில் ஒட்டிய சாக்கு நார்,
எல்லாம் இருந்தன.

வெளிச்சம் பார்க்கச் சின்னக் கேமராவில் ஒன்று தட்டியிருந்தேன்.
கல் விற்றவனை அவர் திட்டிக்கொண்டிருந்தபோது.
வாய் பாதி திறந்து, தொப்பி சரிந்து,
முகமெல்லாம் காப்பித்தூள் போல மணி மணியாய்.

இரண்டையும் குளிர்ப்பெட்டிக் கதவில் ஒட்டிவிட்டு
பின்னாலேயே நடந்தார்,
கூடம் தாண்டி, மாடிப்படி வரைக்கும்.
"என் கல் நாலாவது வரிசை.
பாதை இங்கேதான் போகிறது.
லென்ஸோடு எவன் வருவான்?"

தூள் முகத்தை எடுத்துக்கொண்டார்.
மேசையில் ஒரு யூரோ வைத்தார். மீதி கேட்கவில்லை.

நோட்டில் எழுதினேன்: செலவு பதினேழு நாற்பது.
வரவுப் பக்கத்தில் பேனா கொஞ்ச நேரம் நின்றது.

அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது.
அவருடைய இடது கண்மணியில் என் ஜன்னல்,
ஜன்னலுக்கு முன்னால் கடுகளவு ஒருத்தி,
கையில் ஷட்டர் கம்பி,
இன்னும் மூச்சு விடாமல்.