மூச்சு விடும் இடம்

மேசைக்கு மேலே நீலக் கோட்டு, காதில் முத்து.
மேசைக்குக் கீழே
சேறு காயாத பனிக்காலணி.
சுப்பீரியர் ஏரிக்கரையில் ஆறு மணிச் செய்தி பார்த்த யாருக்கும்
மார்லிஸ் ஹைக்கினெனின் கால்கள் தெரியாது.
எனக்குத் தெரியும்.
பத்தொன்பது வருஷம் அவளுக்கு வரி உருட்டியவன் நான்.

கேமராவின் முகத்தில் ஒரு கண்ணாடி,
கண்ணாடியில் எழுத்து,
என் கட்டைவிரலடியில் ஒரு சக்கரம்.
அவள் விரைந்தால் விரைவேன்,
நின்றால் நிற்பேன்.
நம் கண்ணைப் பார்த்தே பேசுகிறாள் என்று
ஊர் நினைத்துக்கொண்டிருந்தது.

அவள் வந்து சேர்ந்தது எனக்கும் முன்னால்.
வானிலைக்காரி பிரசவத்துக்குப் போக
இரவல் கோட்டில் வரைபடத்தின் முன் நின்று
கிழக்கைக் காட்டி மேற்கு என்றாளாம்.
மறுநாள் பதினோரு கடிதம்.
ஒன்பது, தலைமுடியைப் பற்றி.

பெயர்களில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டாள்.
ஐந்தரைக்கு ஃபோனை எடுத்து
செத்தவர் வீட்டுக்கே கூப்பிடுவாள்:
"மன்னிக்கணும். உங்க பேரை நீங்க எப்படிச் சொல்வீங்க?"
ஃபின்லாந்துப் பெயர், போலந்துப் பெயர், ஓஜிப்வேப் பெயர்.
ஏரியில் பனி உடைந்து மூழ்கிய ஒரு பையனின் அப்பா
மகன் பெயரை மூன்று தரம் சொன்னார்.
இரண்டாவதிலேயே அவளுக்குப் பிடிபட்டுவிட்டது.
மூன்றாவதையும் கேட்டாள்.

பனி கொட்டினால் விடியற்காலையிலும் அவள்தான்.
மூடிய பள்ளிகளின் பட்டியல்.
மாவட்டத்துப் பிள்ளைகள் மொத்தமும்
பைஜாமாவோடு அவள் வாயையே பார்த்திருக்க,
பாதியில் நிறுத்தித் தண்ணீர் குடிப்பாள்.
பாவி, வேண்டுமென்றே.

பக்கத்து நாற்காலியில் ஆண்கள் மாறினார்கள்.
டுவேன் ப்ரூசோ டெட்ராய்ட் போனான்.
அடுத்தவன் வீடு விற்கப் போனான்.
மூன்றாமவன் எங்கே போனான் என்று யாரும் கேட்கவில்லை.
அவளும் ஒருமுறை மில்வாக்கி வரை போனாள்.
ஏழு மணி நேரம் கார் ஓட்டி,
ஒரு அறையில் இரண்டு பக்கம் வாசித்து.
'ஓ' உனக்கு நீளம், அதைக் குறைத்துக்கொள் என்றார்களாம்.
மறுநாள் ஆறு மணிக்கு
எங்கள் 'ஓ' எல்லாம் முழு நீளத்தில் ஒளிபரப்பாயின.

காகித ஆலை மூடிய அன்று
கண்ணாடியில் வந்த வரி:
'பணியாளர் எண்ணிக்கை சீரமைக்கப்படுகிறது.'
அவள் வாய் திறக்கவில்லை.
சக்கரத்தை நிறுத்தினேன்.
நாலு நொடி.
வீட்டில் அது ஒன்றுமில்லை;
அங்கே, முழுக் குளிர்காலம்.
"இருநூத்திப் பன்னிரண்டு பேருக்கு வேலை போச்சு" என்றாள்.
பிறகு அடுத்த வரிக்கு வந்தாள். உருட்டினேன்.
மேலாளர் ஸ்டென்பெர்க் என்னைத்தான் கூப்பிட்டார்,
மெஷினில் கோளாறா என்று.
ஆமாம் என்றேன்.

முப்பத்தோராம் வருஷம் கேக் வெட்டினார்கள்.
கேக்கில் அவள் பெயரில் ஒரு எழுத்து குறைந்தது.
யார் வீட்டிலிருந்தும் ஃபோன் செய்து கேட்கவில்லை போல.
சிரித்துக்கொண்டே
தப்பான எழுத்து இருந்த துண்டை எடுத்துத் தின்றாள்.

போன மாதம் நகர சபைக் கூட்டம்.
பனி வாரும் வண்டி
தன் வீட்டு வாசலையே புதைத்துவிட்டுப் போவதாக
புகார் சொல்ல வந்திருந்தாள்.
ஆளுக்கு மூன்று நிமிடம்.
மைக்கைப் பிடித்தாள். பெயர் சொன்னாள். தெரு சொன்னாள்.
அப்புறம் ஒன்றும் வரவில்லை.
இத்தனை வருஷத்தில்
அவளுக்கென்று ஒரு கருத்து, சொந்தக் கோபம்,
அதை யாரும் எழுதித் தரவில்லை.
கண்கள் எதிர்ச் சுவரில் எதையோ தேடின:
தீயணைப்புக் குழாய், கொடி, கடிகாரம்.

மூன்றாம் வரிசையில் இருந்தேன்.
என்னைப் பார்த்தாளா, தெரியாது.
கோட்டுப் பைக்குள்
சாவிக்கும் சில்லறைக்கும் நடுவே
என் கட்டைவிரல் மெதுவாக நகர ஆரம்பித்தது.

"முதலாவது," என்றாள்,
"அந்த டிரைவருக்குக் கண்ணாடி வாங்கிக் கொடுங்க."