பி ஃப்ளாட்

ஒத்திகையில் வில்லைப் பாதியில் நிறுத்தி
அந்த அம்மா மேலே பார்த்தார்.
டெனிஸ் விட்லோ, வியோலா.
அட்லாண்டாவிலிருந்து மனாமாவுக்கு
முந்தின இரவுதான் வந்திறங்கியவர்,
கறுத்த நெற்றியில் இன்னும் விமானத் தூக்கம்.
"நாம் ஐந்து பேர்தானே,
ஆறாவதாக யார் பாடுவது?"

ஏணியில் நின்றிருந்த நான் கையைத் தூக்கினேன்,
பள்ளிக்கூடத்தில்போல.
"என் மெஷின், மேடம். இரண்டாம் நம்பர் ஃபேன்."
அவர் சிரிக்கவில்லை.
கண்ணை மூடிக் கொஞ்சம் கேட்டார்.
"பி ஃப்ளாட்," என்றார்.
"எங்கள் மெதுவான பகுதி ஏ-யில் முடிகிறது.
இரண்டும் அடுத்தடுத்த வீட்டுக்காரர்கள்,
ஆகாது."

எனக்கு அந்த எழுத்து தெரியாது, சத்தம் தெரியும்.
நாலு வருடமாய் அந்த பேரிங் தேய்வது
என் பல்லுக்குத் தெரியும்.
மூன்று முறை எழுதிக் கொடுத்தேன்:
'குறை: சத்தம்.'
யாரும் கேட்கவில்லை,
இதை எப்படி வேண்டுமானாலும் படிக்கலாம்.

பேசி முடித்தது இது:
இடைவேளைக்கு முன் வியன்னாக்காரர்,
உரத்தவர், மெஷின் ஓடலாம்.
பின்பாதி ஓர் அமெரிக்கக் கறுப்பினப் பெண்மணி எழுதியது.
அதன் இரண்டாம் பகுதிக்கு மட்டும்
ஏழு நிமிடம் காற்றை நிறுத்துவேன்.
அதற்கு மேல் போனால்
அக்டோபர் கடலின் ஈரம் உள்ளே புகுந்து
நரம்பு இளகும், மரம் முறுக்கும் என்று
செல்லோக்காரர் யானோஷ்
என்னைவிடப் பயந்தார்.

இரவு எட்டரை.
பக்கக் கதவில் பிரேம் தாப்பா, கையில் போன்.
மாடியில் நான், பேனலுக்கு முன்னால்.
தூரத்தில் பாலத்து விளக்குகள்
சவூதிப் பக்கம் போய்க்கொண்டிருந்தன.
மெசேஜ் வந்தது, இந்தியில், ஒரே சொல்:
'அபி.'
அமுக்கினேன்.
விசிறி மனமில்லாமல்
சுற்றிச் சுற்றி நின்றது.

நாலு வருடம் இந்தத் தகரக் குழாயில்
நான் கீழே அனுப்பியது காற்று.
அன்றைக்குத்தான் அது எனக்கு ஏதோ அனுப்பியது.
ரிட்டர்ன் டக்டில் காதை வைத்தேன்.
வியோலா ஏறி வந்துகொண்டிருந்தது,
மங்கலாய், கொஞ்சம் தகர வாசனையோடு,
துணி காயப்போட்டபடி தனக்குத்தானே பேசும்
ஒரு பெண்ணின் குரல் உயரத்தில்.
ஏதோ சொல்லத் தொடங்கி
வேண்டாமென்று வைத்துவிட்டு
மறுபடி தொடங்கியது.

மூன்றாம் நிமிடம் இருபத்துமூன்று டிகிரி,
ஈரப்பதம் ஐம்பத்தாறு.
ஐந்தாவதில் இருபத்துநாலரை.
யாரோ நிகழ்ச்சித் தாளால் விசிறிக்கொண்டார்கள்,
அந்தக் காகிதச் சத்தமும் ஏறி வந்தது.

ஏழு.
பகுதி முடிந்தது. கைதட்டல் இல்லை,
நடுவில் தட்டக் கூடாதாம்.
உடனே அடுத்தது பிடித்துக்கொண்டது.
தாளில் படித்திருந்தேன்:
அடிமைகளிடமிருந்து முரசைப் பிடுங்கிய இடங்களில்
அவர்கள் தொடையும் மார்பும் தட்டி ஆடிய ஆட்டம்.
நரம்புகளின் மேல் உள்ளங்கைகள் விழுந்தன.
பட்டனில் இருக்க வேண்டிய என் கை
தொடையில் இருந்தது.

சூப்பர்வைசர் கலீல் போன் அடித்தார்.
எடுக்கவில்லை.
அறுபத்திரண்டு. மரம் முறுக்கும்.
இன்னும் எட்டு அடி, இன்னும் பத்து,
யானோஷின் முகம் ஞாபகம் வந்தது.
அமுக்கினேன்.
மெஷின் எழுந்தது.
ஆட்டம் அதனடியில் இறங்கிப்போயிற்று,
முங்குகிற ஆளின் தலைபோல,
முதலில் நெற்றி தெரிந்து, பிறகு முடி மட்டும்.

டெனிஸை அப்புறம் பார்க்கவில்லை.
அவர்களுக்கு நள்ளிரவு விமானம், குவைத்துக்கு.

காலையில் நாலாவது படிவம் எடுத்தேன்.
'குறை' என்ற கட்டத்தில்
பி ஃப்ளாட் என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.
மேனேஜர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு
இரண்டு தரம் படித்தார்.
"இது என்ன?" என்றார்.
நாலு வருடத்தில் முதல் தடவை
கேட்டார்.