ஒன்பதாம் பக்கம்

மகளுக்கா என்று கேட்டாள் நாதியா,
வென்ட்வர்த்வில் நூலகத்து மேசையில்.
ஆமாம் என்றேன்.
எனக்கு மகள் இல்லை.
பொய்க்குக் கால் வேண்டுமே என்று
வயது பதினைந்து, கணக்குதான் வராது
என்பதையும் சேர்த்துச் சொன்னேன்.

அட்டையில் ஒரு பெண் படகை இழுக்கிறாள்,
முடியெல்லாம் காற்றில்.
அலுவலகத்தில் டெப்ரா கண்டால் ஒரு வாரம் பேசுவாள்.
அதனால் வருமான வரிக் கையேட்டின் மேலுறையைக் கழற்றி
இதற்கு மாட்டினேன்.
அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்தியது.

சிரிப்பு வந்தது.
திருச்சி தில்லைநகரில் பிளஸ் ஒன் படிக்கையில்
வேதியியல் புத்தகத்துக்குள் வைத்து
பெரியவர்களின் தொடர்கதையைப் படித்தவள் நான்.
செருப்புச் சத்தம் கேட்டால் பென்சீன் வளையம்.
இப்போது நாற்பத்தேழு.
சிறுசுகளின் கதையைப்
பெரிய மனுஷிப் புத்தகத்துக்குள் வைத்துப் படிக்கிறேன்.
ஒளிக்கிற கை அதே கைதான்.

ஐந்து இருபது ரயில்.
பாரமட்டாவில் ஏறினால் மாடியில் ஜன்னலோரம் கிடைக்கும்.
எதிரே சீருடைப் பிள்ளைகள்,
வினிகர் சிப்ஸ் வாசனை,
ஒருவன் மடியில் ஒருத்தியின் ஷூ கால்.
யாரும் படிக்கவில்லை.
அவர்களுக்கென்று எழுதிய கடிதத்தை
நான் பிரித்துவிட்டதுபோல் இருந்தது.

ஒன்றைக் கவனித்திருக்கிறேன்.
இந்தக் கதைகளில் என் வயதுக்காரிகள்
ஒன்பதாம் பக்கத்துக்குள் செத்துவிடுகிறார்கள்.
சாகாதவர்கள் இரவு வேலைக்குப் போகிறார்கள்,
ஃபிரிட்ஜில் ஒரு சீட்டை ஒட்டிவிட்டு:
சூடாக்கிச் சாப்பிடு.
அதன்பிறகு அவர்களுக்கு வசனம் கிடையாது.
அம்மா ஒதுங்கினால்தானே
பிள்ளை படகைத் திருட முடியும்?
நியாயம்தான்.
ஆனாலும் ஒன்பதாம் பக்கம் வந்தால்
பள்ளி வாசலில் காரை நாற்பதுக்குக் குறைப்பதுபோல்
மெதுவாகத்தான் போகிறேன்.

இந்தப் பிரதியில் எனக்கு முன் யாரோ ஒருத்தி
ஊதா மையில் எழுதியிருக்கிறாள்.
எழுபத்திரண்டில்: அவனை நம்பாதே.
நூற்றுப் பத்தில்: நான்தான் சொன்னேனே.
நூற்று முப்பதில் சொல் எதுவும் இல்லை,
ஒரு வரியின் கீழ் இரண்டு கோடுகள்.
யாரும் என்னிடம் எதையும் கேட்பதில்லை
என்ற வரி.
அழுத்திய அழுத்தலில்
மறுபக்கம் தழும்புபோல் எழும்பியிருந்தது.
அதற்குப் பிறகு ஊதா இல்லை.
கடைசிவரை புரட்டிப் பார்த்துவிட்டேன், இல்லை.

வெஸ்ட்மீட் போயிருக்கும். பெண்டில் ஹில் போயிருக்கும்.
படகுக்காரி அக்கரை சேரவில்லை.
நிமிர்ந்தபோது செவன் ஹில்ஸ்;
டூங்காபி என் தலைக்கு மேலாகக் கடந்திருந்தது.
எங்கே இருக்கே என்று போனில் குமரவேள்.
ஆற்றில் என்று வாய்வரை வந்தது.
செவன் ஹில்ஸ் என்றேன்.
அங்கே உனக்கென்ன வேலை என்றார்.

திரும்பும் ரயிலுக்குப் பன்னிரண்டு நிமிஷம்.
பெஞ்சில் உட்கார்ந்து, கணக்குப் பென்சிலால்
அந்த இரண்டு கோடுகளுக்குக் கீழே
சாப்பிட்டாயா என்று எழுதினேன், ஆங்கிலத்தில்தான்.
எழுதிப் பார்த்தால் ஃபிரிட்ஜ் சீட்டு.
அழித்தேன். காகிதம் அழுக்கானது.
பிறகு எழுதினேன்:
ஏன் இங்கே நிறுத்தினாய்?

வியாழன் புத்தகத்தைத் திருப்பினேன்,
வரிக் கையேட்டின் மேலுறையை மறக்காமல் கழற்றி.
மகளுக்குப் பிடித்ததா என்றாள் நாதியா.
பாதியில் விட்டுவிட்டாள்.
கேட்டிருக்கிறேன், என்றேன்.