வேணுஜாவின் மூன்று மணித்தியாலம்

வியாழக்கிழமை நேரத்தாளில்
மூன்று மணித்தியாலத்தை வெறுமையாய் விட்டிருந்தாள் வேணுஜா.
கேட்டேன்.
"நானூற்றுப் பன்னிரண்டு வரி அழிச்சன் சேர்.
அதுக்கு என்ன கோட் போடுற?"

கூட்டத்துக்குக் கோட் இருந்தது,
பயிற்சிக்கு, மின்வெட்டுக்கு, சுகயீன லீவுக்கு.
அழித்ததற்கு இல்லை.

கல்முனை, மருந்துக்கடைக்கு மேல்மாடி.
பதினொரு பேர், ஒரு ஜெனரேற்றர்.
அதன் டீசலையும் மாடி வாடகையையும்
எறும்பு தின்றது போக மிஞ்சிய சீனியையும்
மணித்தியாலங்களின் தலையில் பங்கிட்டு ஏற்றுவதுதான்
ஒன்பது வருடமாய் என் உத்தியோகம்.
கூட எழுதினால் ஒவ்வொரு மணித்தியாலமும் மலியும்.
ஆகவே
ஒருவரும் கேட்காத ஒன்றை
இரவிரவாய்த் தட்டிக் கட்டிய அந்தப் பங்குனிதான்
என் புத்தகத்தில் எங்கள் ஆகத் திறமான மாதம்.
சாதகமான முரண் என்று
பச்சை மையில் அடிக்கோடும் போட்டிருந்தேன்.

பாதி எழுதிய அறிக்கைகள், யாரும் திறக்காத திரைகள்
ஐந்தொகையில் சொத்தென்று குந்தியிருந்தன.
குந்தவைத்தவன் நான்.

நிப்றாஸ் கொழும்பில் மூன்று நாள் பயிற்சி முடித்து வந்தார்.
லீன் என்றார்.
மணித்தியாலத்தை விடுங்கள்,
முழு அறையையும் ஒரே செலவாய்ப் பாருங்கள்,
கேட்டவர் கைக்கு என்ன போய்ச் சேர்ந்தது,
எத்தனை நாளில், அவ்வளவுதான் கணக்கு.
"மறுகா நான் எதைப் பங்கிடுற?"
அவர் பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்துக்கொண்டிருந்தார்.
பாதி உடைந்து கோப்பைக்குள் போனது.
கரண்டியால் தேடினார், வெகு நேரம்.

திங்கள் காசோலை வாங்கச் சம்மாந்துறை மில்லுக்குப் போனேன்.
எங்கள் நிறைப்பாலம், எங்கள் திரை.
முன்னர் வீதி வளைவு வரை நெல் லொறிகள் உறுமி நிற்கும்;
சீட்டு ஒன்று வர ஆறு நிமிடம்.
இப்போது லொறி ஏறுகிறது, இறங்குகிறது,
சீட்டு அதற்குள் சாரதியின் பையில்.
வேணுஜா அழித்தது இதைத்தான்.

வாசலில் ரொட்டி வண்டி ஆதம்லெவ்வை
கல்லை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார்.
"ஒங்கட கம்பியூட்டர் வந்த பொறகு
லொறி நிக்கிறல்ல தம்பி.
லொறி நிக்காட்டி ரொட்டி போறல்ல."

இதற்குப் பழைய புத்தகத்தில் நிரல் இல்லை.
புதியதிலும் இல்லை.

இரவு, முதல் தடவையாக எனக்கே ஒரு நேரத்தாள் எழுதினேன்.
பதினொரு பேரின் கால்மணிகளைப் பொறுக்க,
விடுபட்டதைக் கேட்டு நச்சரிக்க,
கூட்ட, பிழைக்க, திரும்பக் கூட்ட:
மாதம் முப்பத்தொரு மணித்தியாலம்.
அது எந்தக் கணக்கிலும் ஏறியதே இல்லை.

வங்கிக்கும் வரிக்காரருக்கும் வருட முடிவில்
பழையபடி ஒரு தாள் கொடுத்தாக வேண்டும்.
கொடுப்பேன், ஒரு நாள் வேலை.
மற்றபடி வெள்ளிக்கிழமை நேரத்தாள் இனி இல்லை என்று
பலகையில் எழுதினேன்.
வேணுஜா நிமிர்ந்து பார்த்தாள், திரும்பத் தட்டினாள்.
நிப்றாஸ் கேட்டார், "அப்ப அந்த முப்பத்தொரு மணித்தியாலத்தில
என்ன செய்யப்போறீங்க?"
தெரியவில்லை என்றேன்.

திங்கள் வாங்கிய நான்கு ரொட்டியை
ஒருவரும் சாப்பிடவில்லை.
சில்லறைக் காசேட்டில்
இதர என்று எழுதி வைத்திருக்கிறேன்.